றெகே இசையும் ரொமி மக்கூக்கும்

இசையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பாடகர்தம் பெயர்களையே முன்வைக்கின்றனர். குரல் மனித உள்ளத்துக்கு மிக அணிமையிலுள்ளது; சொல்லும் அதனோடு கூடிவருகின்றது; ஆதலின் பாடியவர் நினைவில் நிற்கின்றார். அவர்க்குப் பின்னின்று குழலூதியோரும் முரசறைந்தோரும் காலப்போக்கில் மறக்கப்படுகின்றனர். யமேய்க்காத் தீவிற் பிறந்து உலகெங்கும் பரந்த றெகே இசைக்கும் இது பொருந்தும். அவ்விசையின் பெயரைக் கேட்டவுடன் பொப் மார்லியை நினையாதார் இலர். ஆயின், மார்லியும் அவர்தம் தோழரும் வெயிலர்ஸ் என்னும் பெயருடன் ஒலிப்பதிவுக் கூடத்தினுள் முதன்முதல் அடியெடுத்து வைத்த காலத்தில், அங்கே அவர்களுக்குப் பக்கவாத்தியம் இசைத்தோர் யாவர் என வினவின், விடை கூறவல்லார் சிலரே.

அன்று அவ்விளைஞர்க்குத் துணைநின்ற கலைஞர் ஸ்கற்றலைற்ஸ் என்ற பெயரால் அறியப்பட்டனர். அக்குழுவுக்குத் தலைமை பூண்டவர் சாக்சபோன் வித்துவான் ரொமி மக்கூக் என்பவர். 1960ஆம் ஆண்டுக்கும் 1970ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் யமேய்க்காவின் மக்களிசை மூன்று வடிவங்களை எடுத்தது. ஸ்கா, றொக் ஸ்ரெடி, றெகே என்பன அவை. இம்மூன்றிலும் முன்னணியில் நின்று உழைத்த மிகச் சிலருள் மக்கூக் ஒருவர். வடிவம் மாறுந்தோறும் குழலுக்குரிய இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. அங்ஙனம் சுருங்கிய இடத்தினின்றும் அவர் எவ்வாறு தம் நாட்டு இசையை வளர்த்தார் என்பதே ஈண்டு எடுத்துரைக்கக் கருதிய பொருளாகும்.

பிறப்பும் பள்ளிப் பயிற்சியும்

மக்கூக் 1927ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆந் திகதி கியூபாவின் தலைநகராகிய ஹவானாவிற் பிறந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யமேய்க்காவிலிருந்து பல்லாயிரவர் பிழைப்பு நாடிக் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் பனாமாக் கால்வாய் வேலைக்கும் சென்றனர். இரு தீவுகளுக்குமிடையே இவ்வாறு மக்கள் சென்றும் மீண்டும் வந்தமையால் இசையும் உடன் சென்று மீண்டது. மக்கூக்கின் வாழ்நாட் தோழரும், அவரோடு ஒப்பவைத்து எண்ணப்படும் சாக்சபோன் கலைஞருமாகிய றோலண்ட் அல்பொன்சோவும் 1931ஆம் ஆண்டில் ஹவானாவிலேயே பிறந்தவர். 1933ஆம் ஆண்டில் மக்கூக் யமேய்க்கா வந்து சேர்ந்தார்.

கிங்ஸ்ரன் நகரில் அல்பா ஆண்கள் பாடசாலை என்றொரு நிலையம் இருந்தது. ஜெஸி றிப்போல் என்னும் அம்மையார் 1880ஆம் ஆண்டில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கெனத் தொடக்கிய அறப்பணி 1890ஆம் ஆண்டளவில் இரக்கத்தின் சகோதரிகள் என்னும் கத்தோலிக்கத் துறவியர் சபையின் பொறுப்பில் வந்தது. பெற்றோரை இழந்தோரும், வறுமையுற்றோரும், கட்டுக்கடங்காது திரிந்தோருமாகிய சிறுவர் அங்கே சேர்க்கப்பட்டனர். அச்சுக்கலை, தையல், தச்சு, தோட்டவேலை முதலிய தொழில்கள் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. அவற்றுடன் ஒரு தொழிலாகவே பாண்டு வாத்தியமும் கற்பிக்கப்பட்டது. இராணுவ வாத்தியக் குழுவிலோ விடுதிகளின் நடனக் குழுவிலோ சேர்ந்து உழைத்துண்ணும் வழி அச்சிறுவர்க்கு உண்டாகவேண்டும் என்பதே நோக்கமாயிருந்தது.

பதினொரு வயதளவில் மக்கூக் இப்பள்ளியில் ரெனர் சாக்சபோன் பயிலத் தொடங்கினார். ஆங்கு முதலிற் கற்பிக்கப்பட்டது சுரக்குறியீட்டை எழுத்துக்கூட்டி வாசிப்பதுபோல் வாசிக்கும் முறை. அதன்பின் மூச்சை அடக்கி நெடுநேரம் ஒரே சுரத்தை ஊதும் பழக்கம். பின்னர்ப் பலரோடு கூடி ஒருவராய் ஒலிக்கும் பழக்கம். இராணுவ நடைப்பாட்டுகளும் ஐரோப்பியச் சாஸ்திரிய உருப்படிகளும் பயிற்சிக்குரியனவாயின. இவ்வாறு பெற்ற கட்டுப்பாடு பிற்காலத்தில் எத்தகைய பயனை விளைத்தது என்பதை மேலே காண்போம். டொன் டிறம்மண்ட், ஜோனி மூர், லெஸ்ரர் ஸ்ரேளிங் என்னும் பெருங்கலைஞரும் இப்பள்ளியின் பிள்ளைகளேயாவர். 1939ஆம் ஆண்டில் இங்கு பணியேற்ற சகோதரி மேரி இக்னேஷியஸ் என்னும் துறவி இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்த்துத் தம் மாணவர்க்குப் போட்டுக் காட்டி, 2003ஆம் ஆண்டில் மறையும்வரை அவர்களை ஊக்கிவந்தார்.

வாத்தியத்தின் இயல்பு

சாக்சபோன் என்னும் கருவியின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். பெல்ஜிய நாட்டினராகிய அடொல்ப் சாக்ஸ் என்பவர் இதனை ஆக்கி 1846ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில் உரிமம் பெற்றார். பித்தளையாற் செய்யப்பட்டதாயினும் மேனாட்டார் இதனை மரக்குழல் இனத்துள்ளேயே அடக்குவர். ஒலி பிறக்கும் முறையே அதற்குக் காரணம். நம் நாதசுரத்திற்போல இதன் உட்டுளையும் வாயிற் குறுகி அடியில் விரியும் கூம்பு வடிவினது. ஆயின் நாதசுரத்தின் சீவாளி இரட்டை நாணற் பட்டையாலானது. சாக்சபோனிலோ ஊதுவாயின்மேற் கட்டப்பட்ட ஒற்றை நாணற் பட்டையே அதிர்ந்து ஒலியெழுப்பும். சுரத்துளைகளை விரல் நேரே மூடுவதில்லை. விரல் அழுத்தும் நெம்புகோல்களோடிணைந்த மூடிகளே அவற்றை மூடித் திறக்கும். ரெனர் என்பது இவ்வினத்துள் நடுத்தரக் கனமுடையது. ஆண்குரலை ஒத்த அதன் நாதம் கனிந்தும் ஒலிக்கும்; கரகரத்தும் ஒலிக்கும். பாடகர் இல்லாவிடத்துப் பாடகரின் இடத்தை ஏற்கவும், பாடகர் உள்ளவிடத்து அவர்க்கு நிழலாய் நிற்கவும் அது ஏற்றது.

நடனக் குழுவும் ஜாஸ் நாட்டமும்

பள்ளியை விட்டு நீங்கிய மக்கூக் எரிக் டீன்ஸ் நடத்திய புகழ்வாய்ந்த நடனக் குழுவிற் சேர்ந்தார். அக்காலத்துக் குழுக்கள் விடுதிகளிலும் மன்றங்களிலும் செல்வருக்கும் வெளிநாட்டுப் பயணிகளுக்கும் அமெரிக்க ‘ஸ்விங்’ இசையை வாசித்தன. அச்சிட்ட சுரக்குறியீட்டைக் கண்டவுடன் வாசிக்கவல்லார்க்கே அங்கே இடமுண்டு. அல்பாவின் பிள்ளைகள் அவ்விடங்களை எளிதிற் பெற்றனர்.

1954ஆம் ஆண்டில் அவர் பஹாமாஸ் தீவுகளின் தலைநகராகிய நசோவுக்கு வாசிக்கச் சென்றார். பின்னர் அமெரிக்காவிலுள்ள மியாமி நகரை அடைந்தார். ஆங்கே ஜோன் கொல்றேன் என்னும் சாக்சபோன் மேதையின் வாசிப்பைக் கேட்டு உள்ளம் பறிகொடுத்தார். ஒரு மெட்டைச் சட்டமாகக் கொண்டு, அதனுள் நின்று கலைஞன் தன் கற்பனையால் சுரக்கோவைகளை அவ்விடத்திலேயே புனைந்து செல்வது ஜாஸின் உயிர்நிலை. நம் மரபில் மனோதர்மம் என்று கூறுவதற்கு அது ஓரளவு ஒப்பானது. கொல்றேனின் வழியில் அப்புனைவு தடைகடந்த வெள்ளம்போல் ஓடியது. அதுவே இசையின் உயர்நிலை என மக்கூக் கருதினார்.

1962ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் யமேய்க்காவுக்கு மீண்டார். அவ்வாண்டு ஆகஸ்ட் 6ஆந் திகதி அந்நாடு பிரித்தானிய ஆட்சியினின்றும் விடுதலை பெற்றது. நாடு மாறியதுபோலவே இசையும் மாறியிருந்தது.

தெருவில் எழுந்த இசை

நடனக் குழுக்களுக்குப் பொருள்கொடுத்துக் கேட்க இயலாத ஏழை மக்கள் 1950களில் வேறொரு வழி கண்டனர். பேரொலிபெருக்கிகளையும் இசைத்தட்டுப் பெட்டிகளையும் வண்டிகளில் ஏற்றிவந்து, வெற்றுவெளியில் ஒலிக்கச்செய்து, நுழைவுக் கட்டணம் பெற்று ஆடவைக்கும் தொழில் கிங்ஸ்ரனில் வளர்ந்தது. இதனை ‘சவுண்ட் சிஸ்ரம்’ என வழங்கினர். கிளெமன்ற் டொட், டியூக் றீட் என்னும் இருவரும் இத்தொழிலில் கடும்போட்டியிட்டனர். அமெரிக்காவிலிருந்து வந்த இசைத்தட்டுகளே முதலிற் பயன்பட்டன. அமெரிக்க இசையின் போக்கு மாறி, யமேய்க்கர் விரும்பிய வகைத் தட்டுகள் அருகியபோது, அவ்விருவரும் உள்ளூர்க் கலைஞரைக் கொண்டு தாமே தட்டுகள் ஆக்கத் தொடங்கினர். அமெரிக்க ‘றிதம் அன்ட் புளூஸ்’ இசையும், மென்ரோ என்னும் நாட்டுப்புற இசையும், ஜாஸ் பயின்ற குழல்களும் கலந்து ஸ்கா பிறந்தது.

ஸ்காவின் இலக்கணம் தாளத்தில் உள்ளது. நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு தாளவட்டத்தைக் கையாற் போட்டுக் காணலாம். கை விழும் நான்கு இடங்களும் எண்ணிக்கைகள். ஒரு வீழ்ச்சிக்கும் மறு வீழ்ச்சிக்கும் நடுவே அரையிடங்கள் நான்கு உள. கித்தாரும் பியானோவும் எண்ணிக்கையை விட்டு அவ்வரையிடங்களிலே துடிப்பாய் ஒலிக்கும். காலம் துரிதமானது. கேட்போரின் உடல், விழும் அடிக்கும் எழும் அடிக்குமிடையே தானே ஆடத் தொடங்கும். இத்தாளத்தின்மேற் குழல்கள் யாவும் ஒன்றுகூடி மெட்டை வாசிக்கும். பின்னர் ஒவ்வொருவராய்த் தம் கற்பனையைக் காட்டுவர். முடிவில் மீண்டும் மெட்டுக்கு வருவர். பல்லவியை எடுத்து, விரித்து, மீளப் பல்லவியில் முடிக்கும் முறையை அறிந்தார்க்கு இவ்வமைப்பு புதிதன்று.

ஜாஸில் மனந்தோய்ந்து மீண்ட மக்கூக்கைத் தட்டு ஆக்குவோர் பலர் நாடினர். அவர் உடனே இசைந்தாரல்லர். இறுதியில் டொட்டின் வேண்டுகோட்கு இணங்கி, டிறம்மண்ட் முதலியோருடன் ஜாஸ் உருப்படிகளையே ஒலிப்பதிவு செய்தார். அவர் முதன்முதலாக ஸ்கா வாசித்தது 1963ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில். ‘எக்சோடஸ்’ என்னும் திரைப்படத்துக்கு ஏர்னஸ்ற் கோல்ட் அமைத்த இசையை ஸ்கா நடையில் அவர் அன்று வாசித்தார்.

ஈண்டு ஒரு வினா எழும். உயர்ந்த கலை ஒன்றைக் கைவரப்பெற்ற ஒருவன், தெருவில் ஆடும் மக்களின் இசைக்கு அதனைக் கொடுப்பது கலைக்கு இழுக்காகாதா? விடுதிகளில் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தால் மக்கூக் நுண்கலைஞர் எனச் சிலரால் மதிக்கப்பட்டிருப்பார். கொல்றேனைப் பின்பற்றிய பல்லோருள் ஒருவராகவும் எண்ணப்பட்டிருப்பார். ஆயின் ஜாஸில் தாம் பெற்ற கற்பனை ஆற்றலை அவர் ஸ்காவினுட் கொணர்ந்தார். இரண்டு மூன்று நிமிடங்களே ஓடும் சிறிய இசைத்தட்டில், ஆடுவோரின் கால்கள் தடுமாறாதவாறு, சில தாளவட்டங்களுக்குள் ஒரு முழுமையான எண்ணத்தைக் கூறி முடிக்கும் கலையை அவர் பயின்றார். விரித்துரைத்தலினும் சுருங்கச்சொல்லல் அரிது என்பதை எழுத்தாளர் அறிவர். குழலுக்கும் அஃது உண்மையே.

ஸ்கற்றலைற்ஸ்

1964ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கிங்ஸ்ரனின் தலைசிறந்த கலைஞர் ஒரு குழுவாயினர். மக்கூக்கும் அல்பொன்சோவும் ரெனர் சாக்சபோன், ஸ்ரேளிங் அல்ரோ சாக்சபோன், டிறம்மண்ட் ற்றொம்போன், மூர் ற்றம்பெற்று, லொயிட் நிப் முரசு, லொயிட் பிறெவற் பெருநரம்புக் கருவி, ஜெறோம் ஹெயின்ஸ் கித்தார், ஜக்கி மிற்றூ பியானோ. வானில் விடப்பட்ட செயற்கைக் கோள்களைப்பற்றி உலகம் பேசிய காலம் அது. ‘சற்றலைற்ஸ்’ எனப் பெயரிடலாம் என்ற பேச்சு எழ, நாம் வாசிப்பது ஸ்காவாதலின் ‘ஸ்கற்றலைற்ஸ்’ என்பதே தகும் என மக்கூக் கூறினார் என்பர்.

இக்குழு ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலமே நிலைத்தது. அதற்குள் டொட், றீட் முதலிய பலர்க்கும் இக்கலைஞர் பெருந்தொகையான உருப்படிகளை ஒலிப்பதிவு செய்தனர். தனித்து வாசித்தும், பாடகர் பலர்க்குத் துணையாய் நின்றும் அவர்கள் உழைத்தனர். காலையிற் கூடத்தினுட் சென்று, மெட்டை ஒருவர் கூற மற்றவர் கேட்டு, அவ்விடத்திலேயே அமைத்து, ஒரேமுறையில் யாவரும் ஒருங்கே வாசித்துப் பதிவுசெய்வர். பிழைநேரின் தொடக்கத்திலிருந்தே மீண்டும் வாசித்தல் வேண்டும். அல்பாவில் சிறுவயதிற் பெற்ற கட்டுப்பாடு அவர்க்கு இங்கே கைகொடுத்தது. அவர்கள் பெற்ற ஊதியமோ வாசித்த உருப்படிக்கு இவ்வளவு என்னும் கூலியே. தட்டு எத்துணை விற்பினும் இலாபம் அதனை ஆக்குவித்தோரைச் சேர்ந்தது. தட்டின்மேல் ஒட்டிய தாளில் வாசித்தோர் பெயர் விடுபடுதலும் மாறி அச்சிடப்படுதலும் வழக்கமாயிருந்தன.

1965ஆம் ஆண்டு ஜனவரியிற் பெருந்துயர் நேர்ந்தது. குழுவின் தலைசிறந்த இயற்றுநராகிய டிறம்மண்ட் நடனமாது ஒருவரின் கொலைக்காகக் கைதாகி மனநோய் மருத்துவமனையில் வைக்கப்பட்டார். 1969ஆம் ஆண்டு மே 6ஆந் திகதி அங்கேயே மறைந்தார். அவர் இல்லாத குழு நெடுநாள் நிலைக்கவில்லை. 1965 ஆகஸ்ட் மாதத்தில் அது கலைந்தது. அல்பொன்சோவும் மிற்றூவும் டொட்டின் கூடத்தோடு நின்றனர். மக்கூக் டியூக் றீட்டின் பக்கம் சென்றார்.

காலம் தாழ்ந்தது, குழல் பின்வாங்கியது

கிங்ஸ்ரனில் பொண்ட் வீதியிலிருந்த தம் மதுக்கடையின் மேல்மாடியில் றீட் ‘ற்றெஷர் ஐல்’ என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்திருந்தார். அங்கே மக்கூக் ‘சுப்பர்சொனிக்ஸ்’ என்னும் குழுவை நடத்தினார். 1966ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இசையின் நடை மாறத் தொடங்கியது. ஸ்காவின் துரிதகாலம் தாழ்ந்து மத்திமகாலமாயிற்று. அரையிடத் துடிப்பு எஞ்சியது. ஆயின் அடிநரம்பின் ஒலி முன்வந்து தனியொரு மெட்டாகவே நடந்தது. மூவர் நால்வராய்ச் சேர்ந்து இசைந்து பாடும் பாடகர்க்கு முதலிடம் வந்தது. இதுவே றொக் ஸ்ரெடி.

இம்மாற்றத்தாற் குழல்கள் தம் தலைமையை இழந்தன. முன்பு ஐந்து குழல்கள் மெட்டை முழக்கிய இடத்தில் இப்பொழுது ஒன்றிரண்டு குழல்கள் பாட்டின் அடிகளுக்கிடையே சிறுவிடை கூறி அமைந்தன. புகழ்பெற்ற தனிவாசிப்புக் கலைஞர்க்கு இது இறக்கமெனவே தோன்றும். மக்கூக் வேறு விதமாய் நடந்தார். எவ்விடத்து ஊதவேண்டும் என்பதிலும் எவ்விடத்து ஊதாதிருக்கவேண்டும் என்பதையே அவர் மிகக் கருதினார். பாடகர் மூச்சுவிடும் இடத்தில் ஒரு சிறு சொற்றொடர், நடுவே எட்டுத் தாளவட்ட அளவில் ஒரு வாசிப்பு, பின் மௌனம். குழுவின் தலைவர் என்ற முறையில் பிறரையும் அவ்வாறே அடக்கி அமைத்தார். அல்ரன் எலிஸ், பிலிஸ் டிலன், பரகன்ஸ் முதலியோரின் பாடல்கள் இன்றும் பழமைப்படாது ஒலிப்பதற்கு இவ்வடக்கமும் ஒரு காரணம். பரகன்ஸ் குழுவினர் 1967ஆம் ஆண்டிற் பாடிய ‘த ரைட் இஸ் ஹை’ என்னும் பாடலுக்குத் துணைநின்றோர் மக்கூக்கும் சுப்பர்சொனிக்ஸ் குழுவினருமே. 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளொண்டி குழு அதனை மீளப் பாடியபோது பல நாடுகளில் அது முதலிடம் பெற்றது. மூலத்தை ஆக்கியோரை அறிந்து கேட்டோர் அவருள் மிகச் சிலர்.

1968ஆம் ஆண்டளவில் நடை மீண்டும் மாறி றெகே ஆயிற்று. ‘றெகே’ என்னும் சொல்லை அவ்வாண்டில் இசைத்தட்டின் தலைப்பிலேயே வைத்துப் பாடியவர்கள் மேய்ற்றல்ஸ் குழுவினர். 1970களில் வேரூன்றிய றெகேயின் தாளத்திலே முதல் எண்ணிக்கை வெறுமையாய் விடப்படும். மூன்றாம் எண்ணிக்கையிலே முரசின் முழு அடியும் விழும். எதிர்பார்த்த இடத்தில் அடி விழாமையே அதன் அழகு. கிங்ஸ்ரனின் கிழக்கிலுள்ள வரீக்கா மலையடியில் கவுண்ட் ஒஸியின் றஸ்ரபாரி முரசுக்குழுவோடு முன்பே கூடி வாசித்துப் பழகியவர் மக்கூக். ஆதலின் அத்தாளத்தின் ஆழம் அவர்க்குப் புதிதாயிருக்கவில்லை. பணி லீ நடத்திய ‘அக்றோவேற்றர்ஸ்’ குழுவிலும் பிறவிடங்களிலும் அவர் சாக்சபோனும் புல்லாங்குழலும் வாசித்தார். ற்றம்பெற்றுக் கலைஞர் பொபி எலிஸுடன் இணைந்து அவர் ஆக்கிய ஒலிப்பதிவுகள், றெகேயில் குழல்கள் எவ்வாறு அமையவேண்டும் என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டாய் உள்ளன.

மீண்டும் கூடல்

1979ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் இளைஞர் ஸ்காவை மீளக் கண்டெடுத்தனர். அல்பாவின் மாணவராகிய ற்றொம்போன் கலைஞர் றிக்கோ றொட்றிகஸ் ஸ்பெஷல்ஸ் என்னும் அவ்விளைஞர் குழுவோடு வாசித்தார். மறந்துபோன பெயர்கள் மீளவும் கேட்கப்பட்டன. 1983ஆம் ஆண்டில் யமேய்க்காவின் ‘றெகே சன்ஸ்பிளாஷ்’ விழாவில் ஸ்கற்றலைற்ஸ் மீண்டும் மேடையேறினர். பின்னர் அமெரிக்காவைத் தளமாகக் கொண்டு உலகின் பல பாகங்களுக்கும் சென்றனர். 1990களில் அவர்தம் இரு இசைத்தொகுப்புகள் கிராமி விருதுக்கு முன்மொழியப்பட்டன. இளமையில் பெயரின்றி உழைத்தோர் முதுமையிற் பெயரோடு அழைக்கப்பட்டனர்.

1995ஆம் ஆண்டில் நெஞ்சுநோயால் தாக்குண்ட மக்கூக் 1998ஆம் ஆண்டு மே 5ஆந் திகதி அற்லாண்டா நகரில் எழுபத்தொரு வயதிற் காலமானார். அவ்வாண்டு நவம்பரில் அல்பொன்சோவும் மறைந்தார். 2023ஆம் ஆண்டில் ஸ்ரேளிங் மறைந்ததோடு அக்குழுவைத் தொடக்கிய வாத்தியக் கலைஞர் எவரும் எஞ்சாராயினர். 2018ஆம் ஆண்டு நவம்பரில் யுனெஸ்கோ தாபனம் றெகேயை மனித இனத்தின் புலனாகா மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்தது. அல்பாவின் விடுதி 2014ஆம் ஆண்டில் மூடப்பட்டதாயினும், அந்நிலையம் பகற்பள்ளியாய் நின்று இன்றும் இளைஞர்க்கு இசை கற்பிக்கின்றது.

முடிவுரை

மக்கூக்கின் வாழ்விலிருந்து நாம் அறிவன சில உள. ஏழைச் சிறுவர்க்குத் தையலோடும் அச்சுத்தொழிலோடும் சேர்த்து ஒரு குழலையும் கையிற் கொடுத்த பள்ளி, தன்னையறியாமலே ஒரு தேசத்தின் இசைக்கு அடித்தளமிட்டது. பிழைப்புக்கெனக் கற்பிக்கப்பட்ட கலை, கற்றோரின் உழைப்பால் மக்கட் செல்வமாயிற்று. கல்வியின் பயன் எங்கே சென்று முடியும் என்பதைக் கற்பிப்போர் முன்கூட்டி அளந்தறிதல் இயலாது. செவ்வையாய்க் கற்பித்தலே அவர் கடன்.

இரண்டாவது, மரபு என்பது தனியொருவரின் புகழால் நிலைப்பதன்று என்பது. முன்னிடத்தில் நின்று முழங்கவும், அவ்விடம் பிறர்க்குரியதாகியபோது பின்னின்று தாங்கவும் ஒருங்கே வல்லவராயிருந்தமையாலேயே மக்கூக் மூன்று காலங்களிலும் வேண்டப்பட்டார். பாடகரின் பெயரைப் போற்றுவது தகும். அப்பாட்டைக் கேட்குந்தோறும், அடிகளுக்கிடையே எழுந்து அடங்கும் அச்சிறு குழலோசைக்கும் ஒருகணம் செவிகொடுத்தல், அதனினும் தகுவதாகும்.